நார் ஏற்றினால் பை கிழியாதா?

மக்கும் பிளாஸ்டிக் பற்றி எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் இரண்டு வாக்கியங்கள் காதில் விழாமல் திரும்ப முடியாது. முதலாவது: "எல்லாம் சரிதான், ஆனால் அதற்கு வலு போதாது." இரண்டாவது: "அதனால் என்ன, தேங்காய் நாரோ வாழை நாரோ நானோ களிமண்ணோ கொஞ்சம் ஏற்றினால் வலு தானாக வந்துவிடும்." பொறியியல் கல்லூரித் திட்ட அறிக்கை, ஆய்விதழ்க் கட்டுரையின் சுருக்கம், நாளிதழில் வரும் 'மாணவர்கள் சாதனை' செய்தி, முதலீடு தேடுகிறவர் திரையில் காட்டும் படம் எல்லாமே இந்த இரண்டு வாக்கியங்களின் மேல்தான் நிற்கின்றன. முதல் வாக்கியம் தவறு. இரண்டாவது, முதலாவதை நம்பிப் போனதால் வந்த வினை.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைச் சங்கிலியாகக் கோத்தால் கிடைப்பது பாலிலாக்டிக் அமிலம். தொழிலில் பி.எல்.ஏ. என்பார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் என்ற ஊரில் 2002இல் பெரிய ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து, மக்கும் பிளாஸ்டிக் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இதன் இழுவலிமை 50 முதல் 70 மெகாபாஸ்கல். நாம் இத்தனை காலம் கடைக்குக் கடை வாங்கிக் குவித்த கேரி பேக்கின் மூலப்பொருளான குறையடர்த்தி பாலிஎதிலீனுக்கு அது 10 முதல் 20 வரைதான். சாக்குப் பையும் நாற்காலியும் செய்கிற பாலிபுரோப்பிலீனுக்கே 30 சொச்சம். விறைப்பில் வித்தியாசம் இன்னும் பெரிது: பி.எல்.ஏ.வுக்கு 3 முதல் 3.5 ஜிகாபாஸ்கல், பாலிஎதிலீனுக்கு 0.2, 0.3. பத்து மடங்குக்கு மேல். பாக்டீரியா தன் உடலுக்குள் சேர்த்துவைக்கிற பி.எச்.பி. என்ற பாலியெஸ்டரும் 40 மெகாபாஸ்கல் தாங்கும். மாற்றப்பட வேண்டிய பழைய பொருளைவிட மாற்றாக வருகிற பொருள் மூன்று மடங்கு வலுவாக இருக்கிறது. அதற்குத்தான் "வலு போதாது" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அப்படியானால் கையில் கிழிகிறதே, அது ஏன்? காய்கறிப் பைக்குள் முருங்கைக்காயின் முனை குத்தும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். பாலிஎதிலீன் பை அந்த முனையைச் சுற்றி வெளுத்து, இழுபட்டு, மெலிந்து, முனைக்கு வழிவிட்டுக் கொடுக்கும். ஓட்டை விழ வேண்டுமானால் அத்தனை நீட்சியையும் முதலில் தீர்க்க வேண்டும். பல நூறு சதவீதம் நீண்ட பிறகுதான் அது அறும். கலப்பில்லாத பி.எல்.ஏ. தாள் 3 முதல் 6 சதவீதம் நீள்வதற்குள் 'டப்' என்று விரிசல் விட்டுவிடும். விரிசல் ஒருமுறை தொடங்கினால் நடுவில் அதைத் தடுத்து நிறுத்த அந்தப் பொருளுக்குள் எதுவும் கிடையாது. குறைவது வலு இல்லை, தாங்குதிறன். முறிவதற்கு முன் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கிக்கொள்கிறது என்ற அளவு அது. இழுவை வரைபடத்தில் கோடு எவ்வளவு உயரம் போகிறது என்பது வலு. அந்தக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பது தாங்குதிறன். உயரத்தைக் கூட்டிப் பரப்பைச் சுருக்குகிற காரியத்தைத்தான் 'வலுவூட்டல்' என்ற பெயரில் செய்துகொண்டிருக்கிறோம்.

விறைப்பு அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே சிரித்த உதாரணம் ஒன்று உண்டு. 2010இல் அமெரிக்காவின் ஃபிரிட்டோ-லே நிறுவனம் தன் சன்சிப்ஸ் நொறுக்குத்தீனியை முழுக்க மக்கும் பையில் விற்றது. பி.எல்.ஏ. தாள்தான். பை கிழியவில்லை, காதைக் கிழித்தது. கையால் தொட்டாலே மடமடவென்று சத்தம். ஒருவர் அளந்து பார்த்து 95 டெசிபல் என்று காணொளி போட்டார். கேலி செய்வதற்கென்றே பேஸ்புக்கில் குழு கிளம்பியது. அதே ஆண்டு அக்டோபரில், ஒரே ஒரு சுவையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் பழைய பைக்கே நிறுவனம் திரும்பியது. மறுவருடம் புதிய மக்கும் பை வந்தது. என்ன மாற்றினார்கள்? நார் ஏற்றவில்லை, களிமண் ஏற்றவில்லை. இரண்டு தாள்களை ஒட்டும் பசையை ரப்பர் போன்ற மெத்தென்ற பசையாக மாற்றினார்கள். சத்தம் அடங்கியது. குறை இருந்த இடமும் தீர்வு கிடைத்த இடமும் இரண்டு படலங்களுக்கு நடுவே இருந்த ஒட்டுதான். நம் கருத்தரங்குகளில் இந்தக் கதையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பி.எல்.ஏ.வின் நொறுங்கும் குணத்தைப் போக்கத் தொழில் கண்டுபிடித்த வழி கலப்பு. 1998இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் ஈக்கோஃபிளெக்ஸ் என்ற பெயரில் பி.பி.ஏ.டி. என்ற மக்கும் பாலியெஸ்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூலம் பெட்ரோலியம், ஆனாலும் மக்கும். ரப்பர் போல 500 சதவீதத்துக்கும் மேல் நீளும். விறைப்பு மட்டும் 0.1 ஜிகாபாஸ்கல் அளவில், சொல்லும்படி இருக்காது. நொறுங்குவது ஒன்று, தொளதொளப்பது ஒன்று. இரண்டையும் சேர்த்தால் நடுவாக ஒன்று வரும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. பி.எல்.ஏ.வில் இருபது சதவீதம் போலப் பி.பி.ஏ.டி. சேர்த்தால் முறிவதற்குள் நீளும் அளவு, அதாவது முறிநீட்சி, ஒற்றை இலக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கான சதவீதத்துக்குத் தாவுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடைகளில் இன்று கிடைக்கும் மக்கும் பைகளில் பெரும்பாலானவை பி.பி.ஏ.டி.யோடு பி.எல்.ஏ.வையோ மாவையோ கலந்தவைதான்.

ஆனால் இந்த இரண்டும் ஒன்றில் ஒன்று கரைவதில்லை. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்று பரந்து கிடக்கும், மற்றது அதற்குள் உருண்டை உருண்டையாக நிற்கும். உடைந்த முகப்பை எடுத்துப் பார்த்தால் உருண்டைகள் கழன்று விழுந்த பள்ளங்கள் தெரியும், பள்ளத்தின் சுவர் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பே சாட்சி: இரண்டுக்கும் நடுவே பிடிப்பே இல்லை. கலப்பின் பலவீனம் முழுவதும் அந்த எல்லையில் குடியிருக்கிறது. பந்தலில் மூங்கிலுக்கும் மூங்கிலுக்கும் நடுவே கயிறு கட்டாமல் விட்டுவிட்டு, ஆடுகிறதே என்று இன்னும் நான்கு மூங்கிலைக் கொண்டுவந்து செருகினால் நிற்குமா? மக்கும் கலப்புகளில் நார், களிமண் போன்ற ஃபில்லர் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். ஏற்கெனவே ஒட்டாத ஓர் எல்லை இருக்கிற பொருளுக்குள், ஒட்டாத இன்னும் இரண்டு எல்லைகளைக் கொண்டுவருகிறார்கள்.

இது எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதைக் கையாலேயே கணக்குப் போடலாம். 1971இல் நிக்கோலைஸும் நார்க்கிஸும் தந்த எளிய சூத்திரம் இருக்கிறது. கோளத் துகள்கள் சுற்றியுள்ள பாலிமரோடு கொஞ்சமும் ஒட்டவில்லை என்று வைத்துக்கொண்டால், கலவையின் வலு எவ்வளவு மிஞ்சும் என்று சொல்வது. துகள் கன அளவில் 20 சதவீதம் என்றால், 60 மெகாபாஸ்கல் தாங்கிய பாலிமர் 35ஐத்தான் தாங்கும். ஃபில்லர் ஏற்றிய இடமெல்லாம் ஓட்டை போட்டது மாதிரி. விறைப்பு மட்டும் கூடியிருக்கும், ஏனென்றால் விறைப்பை அளக்கும்போது பொருளை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இழுக்கிறோம். அந்த அளவில் துகள்கள் இன்னும் கழன்றிருக்காது. ஆகவே அறிக்கையில் விறைப்பு கூடியது தலைப்பாகிவிடும். வலு குறைந்தது அட்டவணையின் நடுவரிசையில் ஒளிந்துகொள்ளும். முறிநீட்சி பல சமயம் அட்டவணையிலேயே இருக்காது.

நாருக்கு வருவோம். துகளைவிட நார் மேல், ஏனென்றால் நீளவாக்கில் சுமையைத் தாங்கும் என்பார்கள். உண்மைதான், நிபந்தனையோடு. 1965இல் கெல்லியும் டைசனும் வகுத்துக் கொடுத்த கணக்கின்படி, நார் தன் முழு வலுவையும் காட்ட ஒரு குறைந்தபட்ச நீளம் வேண்டும்: நாரின் வலுவை விட்டத்தால் பெருக்கி, எல்லையின் ஒட்டு வலுவின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. வாழை நாருக்கு வலு 500 மெகாபாஸ்கல், விட்டம் 0.1 மில்லிமீட்டர், ஒட்டு மோசமாக 5 மெகாபாஸ்கல் என்று எடுத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டர் வேண்டும். இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடருக்குள் நாரைப் போட்டு, உருக்கி, பிசைந்து, வெளியே எடுக்கும்போது அது ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே நறுக்கப்பட்டிருக்கும். ஒட்டை 20 மெகாபாஸ்கலுக்குக் கொண்டுபோனால் வேண்டிய நீளம் 1.25 மில்லிமீட்டராக இறங்கிவிடும். அப்போது நறுக்கிய நாரும் வேலை செய்யும். மறுபடியும் எல்லைதான். நாரின் வலு இரட்டிப்பானால் வேண்டிய நீளமும் இரட்டிப்பாகும் என்பதையும் கவனிக்க வேண்டும். வலுவான நாரைத் தேடி அலைகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் நல்லது.

தேங்காய் நாரின் கதை இன்னும் வேடிக்கை. பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாகக் கிடக்கிறது, கழிவை மதிப்பாக்குவோம் என்று ஆண்டுதோறும் எத்தனையோ திட்டங்கள். தேங்காய் நாரின் விறைப்பு 4 முதல் 6 ஜிகாபாஸ்கல். பி.எல்.ஏ.வுக்கே 3.5 இருக்கிறது. கண்ணாடி நாருக்கு 70க்கு மேல். வலுவூட்டுகிற பொருள் வலுவூட்டப்படுகிற பொருளைவிடப் பல மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும் என்பது கலவைப் பொருளியலின் முதல் பாடம். தேங்காய் நாரின் உண்மையான குணம் வேறு: அது 15 முதல் 40 சதவீதம் வரை நீளும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கால்மிதியும் மெத்தையும் அதனால்தான் அதில் செய்தார்கள். அந்தக் குணத்தைப் பயன்படுத்துகிறேன் என்று ஒருவர் வந்தால் கேட்கத் தயார். ஆனால் எல்லாரும் அதை வைத்து இழுவலிமையைக் கூட்டப் பார்க்கிறார்கள்.

பைக்கு நார் ஏற்றுவது பற்றிப் பேசவே வேண்டியதில்லை. மக்கும் கேரி பேக்கின் தடிமன் 20, 30, ஏறினால் 50 மைக்ரான். தேங்காய் நாரின் விட்டம் 100 முதல் 450 மைக்ரான். சுவரைவிடத் தடித்த கம்பியைச் சுவருக்குள் எப்படி வைப்பது? ஊதிப் படலமாக்கும் இயந்திரத்தின் டையில் ஒரு நார் சிக்கினாலே குமிழி கிழிந்துவிடும். 'வாழை நாரிலிருந்து வலுவான கேரி பேக்' என்ற செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் அதை எழுதியவர் ஒரு மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றும்.

நார் கொண்டுவரும் இன்னொரு விருந்தாளி தண்ணீர். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆய்வுக்கூடத்தில் சரியாக வந்தது ஆலையில் ஏன் வருவதில்லை என்பதற்குப் பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது. பி.எல்.ஏ.வின் சங்கிலி எஸ்டர் பிணைப்புகளால் ஆனது. 190 டிகிரி சூட்டில் ஒரு நீர் மூலக்கூறு ஒரு பிணைப்பை அறுக்கும். சராசரி மூலக்கூறு எடை ஒரு லட்சம் என்றால், 100 கிலோ பி.எல்.ஏ.வில் இருப்பது ஒரே ஒரு மோல் சங்கிலி. ஒரு மோல் தண்ணீரின் எடை 18 கிராம். அந்த 18 கிராமும் வேலை செய்தால் ஒவ்வொரு சங்கிலியும் ஒருமுறை அறுபட்டு, சராசரி மூலக்கூறு எடை பாதியாகிவிடும். அதனால்தான் பி.எல்.ஏ.வை உருக்குமுன் ஈரப்பதத்தை 250 பிபிஎம்முக்குக் கீழே, அதாவது 100 கிலோவுக்கு 25 கிராமுக்குக் கீழே உலர்த்தச் சொல்கிறார்கள். சாதாரணமாகக் கிடக்கும் தாவர நாரில் 8 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். அடுப்பில் வைத்து அரும்பாடுபட்டு ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 100 கிலோ பி.எல்.ஏ.வோடு 25 கிலோ நார் சேர்த்தால் உள்ளே போகும் தண்ணீர் 250 கிராம். ஒவ்வொரு சங்கிலியையும் பதினான்கு துண்டாக்கப் போதுமானது. வெற்றிடக் குழாய் வழியாகப் பெரும்பகுதி ஆவியாகி வெளியேறும், சரி. ஆனால் பத்தில் ஒரு பங்கு தங்கினாலும் பாலிமரின் கதை முடிந்தது.

ஆலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காற்றைவிடக் கொஞ்சமே கனமான நார் ஹாப்பரில் இறங்காமல் பாலம் கட்டி நிற்கும். ஆள் நின்று குச்சியால் தட்டிவிட வேண்டும். டையிலிருந்து வரும் உருகிய இழை, முதல் சில நிமிடம் உறுதியாக நீர்த்தொட்டிக்குள் போகும். பிறகு தேன் போலத் தளர்ந்து, தொய்ந்து, தொட்டிக்கு வருமுன்னே அறுந்து விழும். நிறம் பழுப்பேறும். 200 டிகிரியை நெருங்கும்போது நாரே கருக ஆரம்பித்துவிடும் என்பதால் சூட்டைக் கூட்டிச் சமாளிக்கவும் வழியில்லை. கட்டர் வெட்டித் தள்ளும் பிளாஸ்டிக் மணியை, தானாவை, பல்லால் கடித்துப் பார்க்கும் பழைய ஆபரேட்டர்கள் உண்டு. நொறுங்கினால் "ஈரம் போய்டுச்சு சார் உள்ளே" என்பார்கள். ஆய்வுக்கட்டுரையில் 'சிதறல் சீராக இல்லாததால் வலு குறைந்திருக்கலாம்' என்று ஒரு வரியில் முடிந்துபோகும் விஷயம் இது.

நாரை விட்டு நானோவுக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களின் வேதநூல் டொயோட்டா ஆய்வகத்தின் நைலான்-களிமண் கலவை. 1980களின் பிற்பகுதியில் அவர்கள் செய்தது மெய்யாகவே பெரிய காரியம். ஐந்து சதவீதத்துக்கும் குறைவான மான்ட்மோரிலனைட் களிமண். நைலானின் இழுவலிமை 69லிருந்து 107 மெகாபாஸ்கலுக்கு ஏறியது, விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது, சுமையோடு வளையாமல் தாங்கும் வெப்பநிலை 65 டிகிரியிலிருந்து 150 டிகிரியைத் தொட்டது. அதன்பிறகு உலகத்தில் உள்ள எல்லா பாலிமரிலும் களிமண்ணைக் கொட்டிப் பார்த்தாயிற்று. அந்த அதிசயம் திரும்ப வரவில்லை. காரணம் ரகசியமும் இல்லை. டொயோட்டாக்காரர்கள் தயாரான நைலானில் களிமண்ணைக் கலக்கவில்லை. களிமண் தகடுகளின் மேல் வினைபுரியும் அமிலத்தைக் கோத்து, அங்கிருந்தே நைலான் சங்கிலியை வளர்த்தார்கள். களிமண்ணும் நைலானும் பிறக்கும்போதே கட்டிப்போடப்பட்டவை. நாம் எடுத்துக்கொண்டது களிமண்ணை, விட்டுவிட்டது கட்டை.

செல்லுலோஸ் நானோ படிகங்களின் நிலைமையும் இதுதான். தனியாகப் பார்த்தால் விறைப்பு 100 ஜிகாபாஸ்கலுக்கு மேல், எஃகோடு எடைக்கு எடை போட்டிபோடக்கூடியது. ஆனால் அது தண்ணீரில்தான் பிரிந்து நிற்கும். உலர்த்தினால் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக் கட்டியாகிவிடும். மறுபடி பிரிப்பது பெரும்பாடு. பி.எல்.ஏ.வுக்கோ தண்ணீர் ஆகாது. உலர்த்தினால் நானோ போய்விடுகிறது, உலர்த்தாவிட்டால் பாலிமர் போய்விடுகிறது. கலப்புப் பொருளில் இன்னொரு கேள்வியும் உண்டு: ஏற்றிய நானோ துகள் எந்தப் பகுதியில் போய் உட்காருகிறது? எல்லையில் உட்கார்ந்தால் உருண்டைகள் ஒன்றுசேர்ந்து பெரிதாவதைத் தடுத்து நன்மை செய்யும். ரப்பர்த் தன்மையுள்ள உருண்டைக்குள் போய் உட்கார்ந்தால் அதை இறுக்கி, எதற்காக அதைச் சேர்த்தோமோ அந்த வேலையையே கெடுக்கும். 'மூன்று சதவீதம் சேர்த்தோம்' என்று எழுதுகிற கட்டுரைகளில் 'எங்கே போய்ச் சேர்ந்தது' என்று எழுதுகிறவை குறைவு.

எதிர்த்தரப்பின் நல்ல வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. மக்கும் பாலிமர் விலை அதிகம், ஃபில்லர் மலிவு, ஏற்றினால் கிலோ விலை இறங்கும், மக்கள் வாங்குவார்கள். முழுக்க நியாயம். ஐரோப்பிய ஈ.என். 13432 தரநிலையே உற்பத்திப் பொருளில் குறைந்தது பாதி கரிமமாக இருந்தால் போதும் என்கிறது. மீதிச் சுண்ணாம்புத்தூளாக இருக்கலாம். அப்படியே செய்யுங்கள். ஆனால் விலையைக் குறைக்கிறோம் என்று சொல்லிச் செய்யுங்கள், வலுவூட்டுகிறோம் என்று சொல்லிச் செய்யாதீர்கள். இரண்டும் ஒன்று என்று மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்தால், அவன் வாழ்நாள் முழுக்கத் தவறான எண்ணைத் துரத்துவான்.

ஃபில்லர் ஏற்றுவது எங்குமே தவறு என்பது என் வாதமில்லை. பி.பி.ஏ.டி. அதிகமுள்ள கலப்பு தொளதொளவென்று இருக்கும். வயலில் களை மூடும் படலமாக விரிக்க அதற்கு விறைப்பு தேவை, அங்கே டால்க்கோ மாவோ லிக்னினோ ஏற்றுவது பொருத்தம். அறுவடைக்குப் பிறகு படலத்தைப் பொறுக்கி எடுக்காமல் உழுதுவிடலாம் என்பதால் மக்கும் பிளாஸ்டிக்குக்கு அதைவிட நியாயமான வேலையும் இல்லை. பி.எல்.ஏ. கோப்பை 55, 60 டிகிரியிலேயே இளகும், சூடான டீயை ஊற்றினால் வாய் கோணிப்போகும். டால்க் சேர்த்து அச்சிலேயே படிகமாக்கினால் 100 டிகிரியைத் தாண்டித் தாங்கும். இங்கே டால்க்கின் வேலை படிகத்துக்கு விதையாவது, சுமையைத் தாங்குவதில்லை. எலும்பு முறிவுக்கு உடலுக்குள் வைக்கும் கரையும் திருகுகளுக்கு ஃபின்லாந்தில் இன்னொரு நல்ல வழி கண்டார்கள்: அதே பாலிமரை இழுத்து நாராக்கி அதையே அதற்குள் வைப்பது. நாரும் சுற்றியிருப்பதும் ஒரே இனம் என்பதால் ஒட்டுப் பிரச்சினையே எழுவதில்லை. இந்த மூன்றிலும் முதலில் குறை என்ன என்று கேட்டார்கள், பிறகுதான் மருந்தைத் தேடினார்கள்.

மக்கும் தன்மை என்ன ஆயிற்று என்ற கேள்வி இந்த வலுவூட்டல் இலக்கியத்தில் பெரும்பாலும் கடைசிப் பத்திக்குத் தள்ளப்படுகிறது. தரநிலைகள் கேட்பது 58 டிகிரி வெப்பத்தில் இயங்கும் தொழில்முறை உரக்கூடத்தில் ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்பது. பி.எல்.ஏ.வில் முதலில் தண்ணீர் சங்கிலியை நறுக்க வேண்டும், அதன் பிறகே நுண்ணுயிர் வந்து தின்னும். படிகத்தன்மை கூடக்கூட அந்த நறுக்கல் மெதுவாகும். குறுக்குப் பிணைப்பு போட்டால் இன்னும் மெதுவாகும். அடிப்படைப் பிசினுக்கு வாங்கிய சான்றிதழ், நார் ஏற்றிய, ஒட்டுப்பொருள் சேர்த்த, தடிமன் கூட்டிய பொருளுக்குச் செல்லாது. புதிதாகச் சோதிக்க வேண்டும். இந்தியாவில் 2021இல் திருத்திய விதிகள் கேரி பேக்கின் தடிமனை முதலில் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்று உயர்த்தியபோது, உரமாகும் பிளாஸ்டிக்குக்கு மட்டும் விலக்குத் தந்தன. அதற்கு ஐ.எஸ். 17088 தரநிலைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தரநிலை உரமாவதைத்தான் சோதிக்கும். பை இரண்டு கிலோ வெங்காயத்தைத் தாங்குமா என்று சோதிப்பது அதன் வேலையில்லை. மெல்லிய பைக்கு அனுமதி, தாங்குதிறனுக்குக் கேள்வி கிடையாது. பிறகு கடைக்காரர் இரண்டு பையாகப் போட்டுக் கொடுக்கிறார். கார்பன் நானோ குழாயை ஏற்றி மக்கும் கலப்பை வலுவாக்கினோம் என்று எழுதுகிறவர்களுக்கு ஒரே கேள்விதான்: பாலிமர் மக்கிய பிறகு அந்தக் குழாய் எங்கே போகும்?

சரி, என்ன செய்யலாம்? எல்லையில் வேலை செய்ய வேண்டும். பல எப்பாக்சி முனைகள் கொண்ட சங்கிலி நீட்டிகளை அரை சதவீதம், ஒரு சதவீதம் அளவில் உருகும்போதே சேர்த்தால், அவை ஒரு கையால் பி.எல்.ஏ.வையும் மறுகையால் பி.பி.ஏ.டி.யையும் பிடித்து எல்லையிலேயே கட்டுப்போடும். உருண்டைகள் சிறுக்கும், கழலாது, தண்ணீர் அறுத்த சங்கிலிகளும் ஓரளவு ஒட்டும். அந்த நீட்டி தானே மக்காதது என்பதை ஒளிக்கத் தேவையில்லை. ஒரு சதவீதத்துக்குக் கீழ் இருக்கும் சேர்மத்துக்குத் தரநிலை தனிச் சோதனை கேட்பதில்லை என்பதால்தான் அது செல்லுபடியாகிறது. பிடிப்பு ஒன்றே போதாது, உருண்டைகளுக்கு நடுவே உள்ள தூரமும் முக்கியம். டூபாண்ட் நிறுவனத்தின் சௌஹெங் வூ 1985இல் நைலானில் காட்டினார்: ரப்பர்த் துகள்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே இறங்கும்போது நொறுங்கும் பொருள் சட்டென்று தாங்கும் பொருளாகிவிடுகிறது. எவ்வளவு ஏற்றினோம் என்பதைவிட எப்படிப் பரப்பினோம் என்பதே அங்கே தீர்ப்பெழுதியது. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் பால் வடிக்கிறோமே, அந்த இயற்கை ரப்பரைப் பத்து சதவீதம் பி.எல்.ஏ.வில் கலந்து முறிநீட்சியை 5லிருந்து 200 சதவீதத்துக்குக் கொண்டுபோன ஆய்வு 2011இலேயே வெளிவந்தது. நம் ஊர் மாணவர்கள் தேங்காய் நாரில் செலவிடும் உழைப்பில் பாதியை அங்கே திருப்பியிருந்தால் இந்நேரம் சொல்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

முறிநீட்சியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம். இழுவைச் சோதனை நிதானமாக இழுக்கிறது. கையிலிருந்து நழுவும் பை நிதானமாக விழுவதில்லை. மெதுவாக இழுத்தால் 200 சதவீதம் நீளும் கலப்பு, காடி வெட்டிய சட்டத்தை ஊசல் சுத்தியால் அடிக்கும் ஐசாட் சோதனையில் பரிதாபமாக உடைவது சகஜம். எல்லாக் கல்லூரியிலும் இழுவை இயந்திரம் இருக்கிறது, டம்பெல் வடிவத் துண்டை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் எண் வந்துவிடும்; படலத்தின் மேல் எடையை விழவிடும் டார்ட் சோதனைக்கும் கிழிசலை அளக்கும் எல்மெண்டார்ஃப் சோதனைக்கும் வேறு கருவி வேண்டும், அது பல இடங்களில் இல்லை. இருக்கிற கருவிக்கு ஏற்ற கேள்வியைக் கேட்டு, அந்தப் பதிலையே தேவை என்று ஆக்கிவிட்டோம். சென்னை கிண்டியில் 1968இலிருந்து இயங்கும் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். வயதும் ஒரு கணக்கு: பி.எச்.பி. வார்த்த சில நாளிலேயே மேலும் படிகமாகி நொறுங்கத் தொடங்கும், மாவுப் பிளாஸ்டிக் கிடங்கில் கிடக்கக் கிடக்க விறைக்கும், பி.எல்.ஏ.வும் நாள்பட இறுகும். வார்த்த மறுநாள் எடுத்த எண்ணை வைத்து மூன்று மாதம் கழித்துக் கடைக்குப் போகும் பொருளுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

ஆகவே, அடுத்த முறை "நாரேற்றியதால் வலு இருபது சதவீதம் கூடியது" என்ற வரி உங்கள் கண்ணில் பட்டால், அந்த அட்டவணையில் முறிநீட்சி எவ்வளவு, மோதல் வலு எவ்வளவு, நார் எவ்வளவு உலர்ந்திருந்தது, வார்த்து எத்தனை நாள் கழித்துச் சோதித்தார்கள், சோதித்த பொருள் மக்கியதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதியவருக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். திட்ட மதிப்பீட்டுக் குழுவில் உட்காருகிறவராக இருந்தால், அந்த ஐந்தும் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.